கோடியில் பொங்கும் நுரை

அத்தையின் கேள்வி

2017 ஆகஸ்ட் நடுவில் பெங்களூரில் ஒரு ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. அடுத்த நாட்களில் வைட்ஃபீல்டின் தெற்கு ஓரத்தில், வர்த்தூர் கோடி என்ற சந்திப்பில், இலவம்பஞ்சு வெடித்ததுபோல் நுரை பறந்தது. நிறுத்தியிருந்த கார்களின் மேல் உட்கார்ந்தது. பைக்கில் போனவர்களின் ஹெல்மெட்டில் அப்பியது. நுரையைத் தடுக்கக் கம்பி வலையெல்லாம் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். காற்று தூக்கினால் வலை என்ன செய்யும்?

திருக்கோவிலூரிலிருந்து வந்திருந்த என் அத்தை ஆட்டோவுக்குள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதுவாடா தம்பி கோடி? ஏரி கோடி போனா எங்க ஊர்ப் பக்கம் கிடா வெட்டிப் பூசை போடுவாங்க. இங்க இப்படிக் கெடக்கு!"

கோடி என்றால் என்னவென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏரி நிரம்பி வழியும் இடத்துக்குக் கன்னடத்திலும் கோடிதான், வடதமிழ்நாட்டிலும் கோடிதான். தெற்கே போனால் கலிங்கு, மறுகால் என்பார்கள். நுரை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். "சோப்புத் தண்ணி அத்தை, ஊர்ச் சாக்கடையெல்லாம் இந்த ஏரியிலதான் விழுது" என்றேன். அதோடு விட்டிருப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தார்.

"மழைதான் அடிச்சு ஊத்துச்சே. சோப்புத் தண்ணியில நாலு குடம் நல்ல தண்ணி ஊத்துனா நுரை அடங்கத்தானே செய்யும்? இங்க கூடிப்போயில்ல கெடக்கு?"

துணி துவைத்த கை கேட்கும் கேள்வி அது. நியாயமான கேள்வியும்கூட. சோப்பு தினமும்தான் வருகிறது. மழை வருவதோ எப்போதாவது. மழை வந்தால் கரைசல் நீர்த்துப்போக வேண்டும், நுரை குறைய வேண்டும். ஆனால் வர்த்தூர்க்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: பெருமழை பெய்த மறுநாள்தான் நுரை அதிகம். இந்த அத்தியாயம் முழுக்க அத்தையின் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

ஒரு குமிழிக்குள் நாலு பேர்

நுரையில் ஒரே ஒரு குமிழியை எடுத்துக்கொள்வோம். உள்ளே காற்று, சுற்றிலும் மெல்லிய நீர்ப்படலம். சுத்தமான தண்ணீரில் குமிழி விட்டுப் பாருங்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் உடைந்துவிடும். நீரின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்பவை. அந்த இழுப்பினால்தான் நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் இருக்கிறது. குளத்தில் சில பூச்சிகள் கால் நனையாமல் ஓடுகின்றன. அதே இழுப்புத்தான் குமிழியைச் சுருக்கி உடைக்கிறது. 

சலவைப் பொடியிலுள்ள பொருளுக்கு இரண்டு முனை. ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்குப் பிடிக்காது. தண்ணீர் பிடிக்காத முனையை வெளியே நீட்டிக்கொண்டு அவை நீர்ப்பரப்பில் வரிசை கட்டி நிற்கும்போது அந்த இழுப்புத் தளர்கிறது, குமிழி நிலைக்கிறது. இப்படிப்பட்ட பொருளைப் 'பரப்புச் செயலி' என்று இங்கே அழைப்போம். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் இயற்கையாகவே இது உண்டு. சலவைப் பொடியில் இருப்பது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து தொழிற்சாலையில் செய்தது.

வர்த்தூர்க் குமிழியில் வேறு இரண்டும் உண்டு. நீர்ப்படலத்துக்குள் நுண்ணிய மண்துகள்கள் செருகிக்கொண்டு, நீர் வடிந்துவிடாமல் தாங்கி நிற்கின்றன. கூடவே பாக்டீரியாக்கள். இவை இல்லாவிட்டால் நுரை சீக்கிரமே அடங்கும்; இருப்பதால்தான் தெருவரைக்கும் உருண்டு வருகிறது.

ஆக ஒரு குமிழிக்குள் காற்று, நீர், மண், உயிர் என நாலு பேர். பூமியைப் படிப்பவர்கள் இந்த நால்வரையும் நான்கு கோளங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: பாறையும் மண்ணும் கற்கோளம், கடலும் ஆறும் நிலத்தடி நீரும் நீர்க்கோளம், காற்றெல்லாம் வளிமண்டலம், உயிர்களெல்லாம் உயிர்க்கோளம். உயிர்க்கோளம் என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர் ஆஸ்திரிய நிலவியலாளர் எடுவார்ட் சூஸ், 1875இல். ரஷ்யாவின் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி 1926இல் அதே பெயரில் ஒரு நூல் எழுதி, உயிர் என்பது பூமியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசியல்ல, பாறையையும் காற்றையும் மாற்றி எழுதும் விசை என்று வாதிட்டார். 

பாடப்புத்தகத்தில் இந்த நான்கும் வெங்காயத்தோல்போல் அடுக்கடுக்காகப் படம் போட்டிருக்கும். அந்தப் படத்தின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நான்கும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பதாக அது நினைக்க வைக்கிறது. உண்மையில் இவை கடைத்தெரு வியாபாரிகள் மாதிரி. நாள் முழுக்கக் கொடுக்கல் வாங்கலில்தான் பிழைப்பே நடக்கிறது. யாரிடம் யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்போது திருப்பித் தந்தார் என்று கணக்குப் பார்த்தால்தான் நுரை புரியும்.

ஒரு வாளித் துணி

கணக்கை அல்சூரில் ஆரம்பிப்போம். பெங்களூரில் தமிழ்க் குரல் அதிகம் கேட்கும் பகுதிகளில் ஒன்று. அங்கே ஒரு வீட்டில் ஒருநாள் துணியைத் துவைக்கிறார்கள்.

முதலில் தண்ணீர். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு பாறை முதுகின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லை. குழாயில் வருவது காவிரி. நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரேகாடனஹள்ளியில் சுத்திகரித்து, வழியில் இரண்டு இடங்களில் மறுபடி மறுபடி பம்ப் செய்து, மொத்தத்தில் அரை கிலோமீட்டர் அளவுக்கு உயர்த்திக் கொண்டுவருகிறார்கள். இந்த ஏற்பாட்டின் முதல் கட்டம் 1974இல் முடிந்தது, ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில். ஆயிரம் லிட்டரை அரை கிலோமீட்டர் உயர்த்த, பம்ப் ஒரு சொட்டு சக்தியைக்கூட வீணாக்காது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவான மின்சாரம் வேண்டும். அது நிலக்கரியில் செய்த மின்சாரமானால் யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் சேரும். குழாயைத் திறந்தவுடனேயே நீர்க்கோளத்துக்கும் வளிமண்டலத்துக்கும் ஒரு கணக்குத் தொடங்கிவிட்டது. துணி இன்னும் நனையவே இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. காவிரி கடலில் சேர்வது பூம்புகாரில். அல்சூர் வீட்டில் துவைத்த தண்ணீரோ கால்வாய் வழியாகப் பெல்லந்தூர் ஏரிக்கும், அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்கும் போய், கோடி தாண்டி, தட்சிண பினாகினியில் விழுகிறது. கன்னடத்தில் தட்சிண பினாகினி என்றால் தமிழில் தென்பெண்ணை. அது கடலில் சேர்வது கடலூரில். நதிகளை இணைக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் கவனிக்க: இரண்டு நதிகளை நாம் குளியலறை வழியாக ஏற்கெனவே இணைத்தாயிற்று.

அடுத்து பொடி. ஒரு நாள் துணிக்கு அறுபது கிராம் பொடி என்று வையுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு பரப்புச் செயலி என்றால் ஆறு கிராம். ஒரு டீஸ்பூன்தான். பெல்லந்தூர்ப் பள்ளத்தாக்கை நோக்கித் தண்ணீர் விடும் வீடுகள் பத்து லட்சம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஆறு டன்! ஒரு லாரி லோடு.

வைட்ஃபீல்ட் பக்கம் வந்தால் இந்த அளவு கூடும். காவிரிக் குழாய் தாமதமாகவே எட்டிப்பார்த்த பகுதி அது. பல காலம் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், பழம்பாறையின் விரிசல்களுக்குள் நெடுங்காலம் தங்கிய தண்ணீர், பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். வாளியில் வெள்ளைப் படிவம் கட்டுவதும், ஹீட்டர் சுருள் உப்புப் பூத்துப் பொரிவதும் அதனால்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது. ஆகவே இன்னொரு கரண்டி. அந்த உப்பை அடக்குவதற்காகவே சில சலவைப் பொடிகளில் பாஸ்பேட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். கற்கோளம் செய்த குறும்புக்கு இன்னொரு கல்லைக் கொண்டு பரிகாரம். அந்த இன்னொரு கல்லின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது.

பாறை, எலும்பு, தாமரை

பாஸ்பேட்டில் இருப்பது பாஸ்பரஸ். நம் எலும்பும் பல்லும் உறுதியாக இருப்பது அதனால்தான். உயிரணு ஒவ்வொன்றுக்கும் அது வேண்டும். கரிமமும் நைட்ரஜனும் காற்றில் மிதந்து திரும்பி வரும். பாஸ்பரஸ் அப்படியல்ல. அதற்குக் காற்றுவழி கிடையாது. பாறையிலிருந்து மண், மண்ணிலிருந்து பயிர், பயிரிலிருந்து உடல், உடலிலிருந்து நீர், நீரிலிருந்து அடிச்சேறு. அங்கே மாட்டிக்கொண்டால், சேறு மறுபடி பாறையாகி, கடலடி மேலெழுந்து, மழையில் தேய்ந்தால்தான் மீட்சி. கோடிக்கணக்கான ஆண்டு விவகாரம்.

இந்தியா பாஸ்பேட் பாறையைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்குகிறது. உலகத்தின் இருப்பில் பெரும்பங்கு மொராக்கோ பக்கம். பழைய கடலின் அடியில் கடலுயிர்களின் மிச்சங்கள் படிந்து உண்டானது. நம் நாட்டில் ராஜஸ்தானின் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ரா என்ற இடத்தில் ஒரு சுரங்கம் உண்டு. அங்குள்ள பாறையை உருவாக்கியவை 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த நுண்ணுயிர்கள்! ஆழம் குறைந்த கடலில் பாய்பாயாகப் படர்ந்து, அடுக்கடுக்காக மண்டபம்போல் வளர்ந்து, அப்படியே கல்லாகிப்போனவை. அவற்றின் இனத்தார் விட்ட மூச்சில்தான் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேர்ந்தது. வெர்னாட்ஸ்கி சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 

அந்தக் கல்லை வெட்டி உரமாக்கி வயலில் போடுகிறோம். அரிசியில் ஏறி, நம் வயிற்றில் இறங்கி, மிச்சம் கழிவறை வழியாக ஏரிக்குப் போகிறது. பொடியில் இருந்ததும் சேர்ந்துகொள்கிறது. பெல்லந்தூர் ஏரி ஏறத்தாழ 900 ஏக்கர், வர்த்தூர் அதில் பாதி. இரண்டுக்கும் பல்லாண்டுகளாக, நாளுக்குப் பல நூறு மில்லியன் லிட்டர் கழிவுநீர், பெரும்பகுதி சுத்திகரிக்காமல் வந்துகொண்டிருந்தது. வயலுக்குப் போட்ட உரத்தை ஏரி சாப்பிட்டது என்று சொல்லலாம். இந்த நிலைக்கு 'மிகையூட்டம்' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மிகையூட்டம் கிடைத்தால் முதலில் பந்திக்கு வருவது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்கச் செடி, பூ அழகாக இருக்கிறதென்று ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்தது. வசதியான ஏரியில் இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். இந்த ஏரிகளைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் நீலம் தெரியாது, கால்பந்து மைதானம்போல் பச்சைதான் தெரியும்.

இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது, சுவாரசியமும் இங்கேதான். பச்சைப் பாய் விரித்துவிட்டால் கீழே வெயிலும் போகாது, காற்றும் கலக்காது. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கும் ஆக்சிஜனையும் மூச்சிழுத்துத் தீர்த்துவிடுகின்றன. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தது இப்படியொரு மூச்சுத்திணறலில்தான். ஆக்சிஜன் போனால் இரண்டு காரியம் நடக்கும்.

பெங்களூர் மண் செம்மண். சிவப்புக்குக் காரணம் இரும்பு. நம் வீட்டுத் துருதான். கட்டட வேலைக்குத் தோண்டிய மண்ணெல்லாம் மழையில் கரைந்து ஏரிக்கு வருகிறது. ஆக்சிஜன் இருக்கும்வரை இந்த இரும்புத்துரு பாஸ்பரஸைக் கெட்டியாகப் பிடித்து அடிச்சேற்றில் பூட்டி வைக்கும். நல்ல காவல்காரன். ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு கரைந்துபோகிறது, பிடி தளர்கிறது, பூட்டி வைத்த பாஸ்பரஸ் மறுபடி நீரில் ஏறுகிறது. அதைத் தின்று தாமரை இன்னும் படர்கிறது. இன்னும் படர்ந்தால் ஆக்சிஜன் இன்னும் குறைகிறது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்குவதுபோல் ஒரு வட்டம். விளைவு திரும்பி வந்து காரணத்தைக் கொழுக்கவைக்கும் இத்தகைய வட்டத்துக்கு அறிவியலில் நேர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். பாறை, நீர், காற்று, உயிர் நான்கும் கைகோத்து நிற்பதால் இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? தாமரையை மட்டும் இயந்திரம் வைத்து வாரினால் அடுத்த மாதமே மறுபடி வந்துவிடுகிறதே என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதன் காரணம் இதுதான். சமையலறையில் சோறு இருக்கும்வரை விருந்தாளி போகமாட்டான்.

இரண்டாவது காரியம், பரப்புச் செயலி சம்பந்தப்பட்டது. இன்றைய சலவைப் பொடியில் உள்ளதை ஆக்சிஜன் உள்ள நீரில் பாக்டீரியாக்கள் சில நாளிலேயே பிய்த்துப் போட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது.

அடியில் ஒரு கிடங்கு

இந்திய அறிவியல் கழகத்தில் சாணக்யா தலைமையிலான ஆய்வாளர்கள் பெல்லந்தூரில் பல ஆண்டுகள் நீரும் நுரையும் எடுத்துச் சோதித்தார்கள். ஏரிக்குள் நுழையும் கழிவுநீர் வெளியேறப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. அந்த இடைவெளியில் பரப்புச் செயலியில் ஒரு பகுதி சிதைகிறது. மீதியில் கணிசமான பங்கு அழுக்குத் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடுகிறது. அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்காது என்றோமே. சேற்றில் ஒட்டிக்கொள்வது அதற்கு நிம்மதி.

இப்போது அத்தைக்குப் புரியும்படி ஒரு கணக்கு. அந்த ஆறு டன்னில் நூற்றில் ஒரு பங்குதான் சேற்றில் தங்குகிறது என்று மிகக் குறைவாகவே வைப்போம். நாளுக்கு 60 கிலோ. நவம்பர் முதல் மே வரை பெருமழை அதிகமில்லாத 200 நாளில் 12,000 கிலோ. பன்னிரண்டு டன் பரப்புச் செயலி, அடியில் சேற்றோடு சேறாக, கிடங்கில் அடுக்கிய மூட்டைபோல் காத்துக்கொண்டிருக்கிறது. மேலே ஓடும் தண்ணீரைப் பார்த்தால் இது தெரியாது.

எரிந்தது எது?

இடையில் ஒன்று. 2018 ஜனவரி 19ஆம் தேதி பெல்லந்தூர் ஏரி தீப்பிடித்தது. ஏறத்தாழ முப்பது மணி நேரம். அணைக்க ராணுவம் வந்தது. 2015 மே மாதத்தில் நுரையே எரிந்ததாகப் படங்கள் வந்தன, 2017 பிப்ரவரியில் மறுபடி தீ. ஐம்பூதத்தில் விட்டுப்போன நெருப்பும் வந்துவிட்டது என்று நண்பர் ஒருவர் கசப்பாகச் சொன்னார்.

தண்ணீர் எரியாது. எரிந்தது, ஏரியின் மேல் அடர்ந்து காய்ந்துகிடந்த புல்லும் செடியும் குப்பையும். அவற்றோடு, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் விடும் மீத்தேனும் சேரலாம். சாண எரிவாயு அடுப்பில் எரியும் அதே வாயு. எரியாமல் தப்பிப் போகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அல்சூரில் துவைத்த துணிக்கு வளிமண்டலத்தில் எழுதும் இரண்டாவது செலவு. அதே சேறு விடும் அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான வாயு, செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஏரியோர அடுக்ககங்களில் ஏசி இயந்திரம் அடிக்கடி பழுதாகிறது என்று குடியிருப்போர் புலம்பியது இதனால்தான்.

மழை செய்யும் வேலை

பதிலுக்கு வந்துவிட்டோம். பெருமழை பெய்கிறது. கான்கிரீட் மூடிய ஊரில் மண் குடிக்க வழியில்லை. ராஜகாலுவே என்று இங்கே அழைக்கும் பெருங்கால்வாய்களில் வெள்ளம் ஒரேயடியாக ஏரிக்குள் பாய்கிறது. மத்தால் கடைந்ததுபோல் அடிச்சேறு கலங்கி மேலெழுகிறது. சேற்றில் ஒட்டியிருந்த பரப்புச் செயலி விடுபட்டு நீருக்குள் வருகிறது. மழை நீர்க்கச் செய்வது உண்மைதான், அத்தை சொன்ன நாலு குடம் நல்ல தண்ணீர். ஆனால் அந்த நாலு குடத்தை ஊற்றும்போதே அடியிலிருந்த கிடங்கின் கதவும் திறந்துகொள்கிறது. அந்த 200 நாள் சரக்கில் பாதி வந்தாலே, ஊரே ஒரு நாள் துவைத்த சோப்பு ஒரே இரவில் கூடுதலாகக் கலந்த கணக்கு. கூடவே நுண்மண்ணும் பாக்டீரியாவும் தாராளமாக வருகின்றன. குமிழியைத் தாங்கிப் பிடிக்க ஆள் தயார்.

மிச்சமிருப்பது காற்று. ஏரி நிறைந்ததும் கோடியில் தண்ணீர் உயரத்திலிருந்து விழுகிறது. விழும்போது காற்றை அடித்துக் கலக்குகிறது. முட்டையை அடித்தால் பொங்குவதுபோல் பொங்குகிறது. அதனால்தான் ஏரியின் நடுவில் சாதுவாகக் கிடக்கும் நீர், கோடியில் மட்டும் மலைபோல் நுரை கட்டுகிறது. காரணம் எங்கெல்லாமோ பரவிக்கிடக்க, வைட்ஃபீல்ட் எல்லையில் அந்தச் சந்திப்புக்கு மட்டும் நுரைக்குப் பேர்போன இடம் என்ற பெயர்.

கோடிக்கு அப்பால்

2020 வாக்கில் வர்த்தூர் ஏரியில் நீரை வடித்து, காயவைத்து, சேற்றை லாரி லாரியாக அள்ளத் தொடங்கினார்கள். நுரை அளவில் அது சரியான இடத்தில் கைவைத்த காரியம், கிடங்கையே காலிசெய்வது. நம் ஊர்களில் கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடித்ததும் இதே கணக்குத்தான். பாஸ்பரஸ் பாறையாகக் காத்திராமல் நடந்தே வயலுக்குத் திரும்பும் குறுக்குவழி அது. நகரத்துச் சேற்றில் ஈயம், காட்மியம் முதலியவை கலந்திருக்கக்கூடும் என்பதால் அந்த வழி இப்போது அவ்வளவு எளிதல்ல.

கோடி தாண்டிய தண்ணீர் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கும் மதகு திறந்தால் நுரை பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மறுபடி உயரம், மறுபடி காற்று. பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், கடலூர். வழியில் ஒவ்வோர் அணையும் கொஞ்சம் சேற்றையும் பாஸ்பரஸையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அணைக்குள்ளும் ஒரு சின்ன வர்த்தூர்.

இன்னொரு பங்கு கிழக்கே போகிறது. பெல்லந்தூருக்குப் பக்கத்தில் சுத்திகரித்த கழிவுநீரை, 2018 ஜூன் முதல், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் தள்ளி, கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு விடுகிறார்கள். நாளுக்கு 440 மில்லியன் லிட்டர் என்பது திட்டம். ஒரு மாதத்துக்குள் முதல் ஏரியான லட்சுமிசாகரத்தில் நுரை தோன்றி, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. சுத்திகரிப்பு இரண்டு கட்டத்தோடு நிற்கிறது, மூன்றாவது கட்டமும் வேண்டும் என்று அங்குள்ள விவசாயிகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நியாயமான கோரிக்கை என்பதே என் கட்சி. ஆனால் ஏரிகள் நிறைந்த பகுதிகளில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியதும், தூர்ந்த கிணறுகளில் தண்ணீர் வந்ததும் உண்மை. 2023இல் பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிடச் சூடேறியது. எல் நினோ என்பார்களே, அது. கர்நாடகத்தில் பருவமழை பொய்த்தது. 2024 மார்ச்சில் பெங்களூரின் அரசு ஆழ்துளைக் கிணறுகள் ஏறத்தாழ 14,000இல் பாதி வறண்டன. வைட்ஃபீல்ட் அடுக்ககங்கள் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்த அந்த நாட்களில், பெங்களூர் வீடுகளில் கழிந்த நீர் கோலார் ஏரிகளில் நின்றுகொண்டிருந்தது.

கோலார் தக்காளிக்குப் பேர்போனது. போன தடவை அத்தை வந்தபோது ரசம் வைக்கத் தக்காளி வாங்கி வந்தேன்; கோலார்ச் சரக்கு. நுரைக் கதை முழுவதையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். காவிரியிலிருந்து ஆரம்பித்து, ராஜஸ்தான் கல், தாமரை, சேறு, மழை, அவருடைய ஊர் ஆறு எல்லாம். தக்காளியைக் கழுவிக்கொண்டே கேட்டார். ஜாமர்கோட்ராவில் கல்லான உயிர்கள் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது.

"அப்ப இந்தத் தக்காளிக்குள்ளயும் அந்தக் கல்லு கொஞ்சம் இருக்குமா?"

"இருக்கலாம் அத்தை."

கழுவிய தண்ணீர்ப் பாத்திரத்தை சிங்க்கில் கவிழ்க்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். "இதை எங்கடா ஊத்தறது?" என்றார். பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. சின்னத் தொட்டி. பாதித் தண்ணீர்தான் பிடித்தது.